கப்பலுக்குச் சாயம் அடித்தவர்

மண்ணெண்ணெய் வாசம் எங்கே வந்தாலும் எனக்கு என் ஐயாவின் கைதான் நினைவுக்கு வரும். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தவர் அவர். உலகச் சண்டை வந்ததும், துரைமாரும் துரைசானிமாரும் "சீமை"க்குப் போய்வந்த வெள்ளைக் கப்பல்களில் பட்டாளத்தை ஏற்றினார்களாம். எதிரியின் கண்ணில் படாமலிருக்க முழுக்கச் சாம்பல் நிறம் அடிக்கச் சொன்னார்களாம். பிறகு கொழும்பில் குண்டு விழுந்து, அவர் உயிர் தப்பிச் சங்கரன்கோவில் ரயிலடியில் வந்து இறங்கியபோது, நகக்கண்ணிலெல்லாம் அந்தச் சாம்பல். அம்மா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

ஊரில் யாரும் அவரை நம்பவில்லை. கோபுர உயரத்துக்குக் கப்பல் நிற்கும், மேலேயிருந்து இரண்டு கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து அடிப்போம் என்பார். "ஏவே, கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சீரா, கப்பல்ல வந்த ஆட்டுக்குப் புல்லு போட்டீரா?" என்று காப்பிக் கடைக்காரர் கேட்பார். ஐயா மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பருத்திக் காட்டுக்குக் கூலிக்குப் போவார். வந்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மூன்று நான்கு வருஷம் இப்படியே போயிற்று. அவர் வீட்டோடு இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

சண்டை முடிந்ததும் கொழும்பு மேஸ்திரியிடமிருந்து கடிதாசி வந்தது: கப்பலுக்கெல்லாம் திரும்ப வெள்ளை அடிக்க வேண்டும், உடனே புறப்பட்டு வா.

"குண்டு விழுந்த ஊருக்கா? பிள்ளைய வச்சிக்கிட்டு நான் தெருவுல நிக்கவா?" என்றாள் அம்மா.

"நீ வேண்டாம்னா போகல" என்று ஐயா கடிதாசியை ஓட்டுக்கடியில் செருகிவிட்டார்.

அந்த மாதமே எங்கள் ஊர்ப் பஞ்சாலையின் இரும்புப் புகைக்கூண்டுக்கு மழைக்கு முன் பெயிண்ட் அடிக்க ஆள் தேடினார்கள். இத்தனை உயரத்துக்குச் சாரம் கட்ட மூங்கில் ஏது என்று எல்லாரும் கைவிரித்துவிட, ஐயா போய், "ரெண்டு வடமும் ஒரு பலகையும் தாங்க மொதலாளி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு ஏறினார். மதியம் கஞ்சி கொண்டுபோன அம்மாவும் நானும் அண்ணாந்து பார்த்தால், ஆகாயத்தில் ஊஞ்சல் போட்டதுபோல் கால் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு, வாய்விட்டுப் பாடியபடி ஐயா. கீழே வேடிக்கை பார்த்த காப்பிக் கடைக்காரரிடம், "அண்ணாச்சி, மேல ஆடு ஒண்ணும் இல்ல, நீரே வந்து பாரும்" என்று குரல் கொடுத்தார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கஞ்சிக் கலயத்தை இறக்கி வைக்காமல் அண்ணாந்தபடியே நின்றாள்.

சாயங்காலம் ஐயா குளித்து வந்தபோது, அம்மா தகரப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, அவர் வேட்டிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இது?"

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து நீங்க பாடி நான் கேட்டதில்ல. போயிட்டு வாங்க."

நான் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து அழுதேன். அம்மா என்னைத் தூக்கி இறக்கிவிட்டாள்.

வருஷந்தோறும் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்து போனார். எட்டாம் வருஷம் தந்திதான் வந்தது. கயிறு அறுந்து விழுந்துவிட்டாராம். சாவுக்குத் "துஷ்டி" கேட்க வந்தவர்களில் ஒருத்தி, "நீதானட்டி பெட்டி கட்டி அனுப்புன" என்றாள். அம்மா அழுகையை நிறுத்தினாள். "இங்கன இருந்தா இன்னும் இருபது வருஷம் சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு. அவ்வளவுதான" என்றாள்.

அந்த வெள்ளைக் கப்பல்களையெல்லாம் உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள் என்கிறார்கள். சீமைக்கு இப்போது விமானத்தில்தான் போகிறார்கள். பஞ்சாலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அவ்வளவு உயரத்தில் தொங்கி வேலை பார்த்தவரின் மகள் என்று இன்றும் தலைநிமிர்ந்து சொல்வேன். அம்மா செய்தது சரி என்றும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயாவே எனக்குப் போதும் என்றிருப்பேன்.