மலை பார்த்த சேவல்

தண்ணீர் பார்க்கப் போவதற்கு வான் பிடிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வீட்டின் பின்பக்கம் பார்த்தார். வேலிக்கு அப்பால் மட்டக்களப்பு வாவி, வழக்கம்போல ஒரு சோலியும் இல்லாமல் கிடந்தது.

"அது என்ன?" என்றார்.

"வாவி."

"அதுக்குள்ள என்ன கிடக்கு?"

"தண்ணி."

"அதுக்கு வான் வேணுமா மகன், நடந்தே போகலாமா?"

தேற்றாத்தீவில் கிழக்கே நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. இங்கே பிறந்த ஒருவன் வேறு தண்ணீர் பார்க்க ஆசைப்படுவது எங்கள் வீட்டில் ஒரு நோய்க்குறிதான். ஆனால் எனக்குக் காரணம் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முழுதாகக் கடந்தவன் நான். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துவிட்டு, இப்போது களுவாஞ்சிகுடியில் ரியூசன் வகுப்பில் அதையே படிப்பிக்கிறேன். அம்பாறைக்கு அங்கால, மலைகளுக்கு நடுவே ஒரு பெரிய குளம் இருக்கிறது. ஆற்றை மறித்துக் கட்டியது. தண்ணீர் ஏறியபோது சின்ன மலைகள் மூழ்கி, அவற்றின் தலைகள் மட்டும் தீவுகளாக மிஞ்சின. சுற்றிவரக் காடு, தேசியப் பூங்கா. ஒரு தீவிலிருந்து மற்றத் தீவுக்கு யானைகள் நீந்திப் போகும். ஒவ்வொரு வருடமும் அந்தக் குளத்தைக் கரும்பலகையில் கைவிரல்களைப்போல விரித்து வரைந்து, நேற்றுத்தான் அங்கே குளித்துவிட்டு வந்தவன் மாதிரி விளக்குவேன்.

ஒருநாள் முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது. "சேர், நீங்க அதப் பாத்திருக்கீங்களா?"

"படத்தில," என்றேன்.

வகுப்பு சிரித்தது. அது பரவாயில்லை. அதற்குப் பிறகு நான் பாலைவனம் பற்றிப் பேசினாலும் பனிமலை பற்றிப் பேசினாலும், ஒரு வசனம் முடிந்ததும் பின்வாங்கிலிருந்து மெல்லிய குரலில் "படத்தில" என்று வரும். யார் என்று தெரியாது. எல்லாரும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு சொல்லை வகுப்பிலிருந்து வெளியேற்ற வேண்டுமென்றால் நான் அந்தக் குளத்தை என் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

தனியாகப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா விடவில்லை. "தனியப் போய்ப் பாத்து என்ன செய்யப்போறாய்? நல்லாருக்கு எண்டு ஆருக்குச் சொல்லுவாய்?" என்றார். அது நியாயமாகப் பட்டது. அம்மா வருகிறார் என்றதும் அப்பாவும் வந்தார். குளத்தில் படகு ஓட்டுகிறவர்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

நாள் குறித்த கையோடு அம்மா வீட்டில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். மூன்று நேரமும் மரக்கறி.

"அம்மா, நாம கோயிலுக்குப் போகல்ல. குளம் பாக்கப் போறம்."

"தெரியும் மகன். எண்டாலும் வான்ல போறம்தானே."

அம்மாவின் வாழ்க்கையில் வான் வாசலுக்கு வந்தது இரண்டு காரியத்துக்குத்தான்: ஆஸ்பத்திரிக்கு, இல்லாவிட்டால் கோயிலுக்கு. வீட்டில் யாருக்கும் நோய் வருத்தம் இல்லை. ஆகவே இது கோயில். காலையில் பிடித்த மீனை எல்லாம் சந்தையில் கொடுத்துவிட்டு வந்து பூசணிக்காய்க் கறியோடு சோறு தின்ற அப்பா, புவியியல் என்ற பாடத்தை அந்தக் கிழமை ஏழு நாளும் வெறுத்தார்.

புறப்படுகிற அன்று காலை பக்கத்து வீட்டு மாமி உமல் என்கிற பனையோலைப் பையோடு வந்தா. உமலின் வாயிலிருந்து ஒரு சேவலின் தலை வெளியே நின்றது. சிவந்த பெரிய கொண்டை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து, ஒருவரையும் பிடிக்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மச்சாள், மகளுக்குப் புள்ள சுகமாப் பிறந்தா மலை முருகனுக்குச் சேவல் விடுறன் எண்டு நேர்ந்தன். பேரனும் பிறந்து தவழ்றான். முழங்கால் வருத்தத்தோட நான் எங்க மலைக்குப் போக? நீங்க மலைப்பக்கம் போறீங்கதானே, இவரையும் கொண்டுபோய் விட்டிருங்க."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தார்.

"தாங்க மச்சாள்," என்றார்.

மாமி போனபிறகு நான் கேட்டேன். "ஏம்மா, அங்க முருகன் கோயிலே இல்லையே!"

"அப்ப என்னத்தச் சொல்லச் சொல்றாய்? வேலையத்துப்போய் தண்ணி பாக்கப் போறம் எண்டா?" என்றார் அம்மா. "மலை இருக்குத்தானே. மலை இருந்தா முருகன் பக்கத்தில எங்கயாவது இருப்பார்."

வான் ஆரையம்பதிக்காரர் ஒருவருடையது, அவரே ஓட்டினார். கல்முனை தாண்டி, அம்பாறை தாண்டி, வட்டை வட்டையாகக் கிடந்த வயல்கள் முடிந்து, மேற்கே நீலமாக மலைகள் எழும்பின. பின்பக்கம் திரும்பி, "அந்த மலையில இருந்து வாற தண்ணியத்தான்…" என்று தொடங்கினேன். சேவல் கூவியது. பொறுத்து, மறுபடி தொடங்கினேன். மறுபடி கூவியது.

"சேருக்கு இப்பதான் ஒரு நல்ல மாணவன் கிடைச்சிருக்கார்," என்றார் சாரதி.

முன்சீட்டில் இருந்த அப்பா சிரித்த சிரிப்பில் ஏதோ வாய்க்குள் அடைபட்டிருந்த மாதிரி இருந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

குளக்கட்டின் அடியில், ரிக்கற் கொடுக்கும் இடத்தில், காக்கி உடுப்போடு ஓர் அதிகாரி நின்றார். கட்டு பெரிய பச்சை மதில்போல உயர்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் குளம். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாது. அதிகாரி உமலைப் பார்த்தார். சேவல் அவரைப் பார்த்தது.

வளர்ப்புப் பிராணி எதுவும் உள்ளே போக ஏலாது, காட்டுப் பிராணிகளுக்கு நோய் தொற்றும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் பரீட்சைக்குப் படித்த சிங்களத்தில் பதில் சொன்னேன். நான் ஒரு புவியியல் ஆசிரியர் என்றும், இந்தக் குளத்தைப் பற்றி நீண்டகாலமாகப் படிப்பித்து வருகிறேன் என்றும் சொன்னேன். நேர்த்திச் சேவல் என்பதற்கு எந்த வினாத்தாளிலும் எனக்குச் சொல் கொடுத்திருக்கவில்லை. அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார். ஆசிரியர் தொழில் நல்லது என்றார். சேவல் போக ஏலாது என்றார்.

படகு ஆயத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். யாராவது ஒருவர் சேவலோடு நிற்க வேண்டும். வெயிலில் வானுக்குள் பூட்டி வைத்தால் அது செத்துப்போகும்.

"தம்பி வைச்சிருப்பார்," என்று அப்பா சாரதியைக் காட்டினார்.

"அது ஏலா," என்றார் அம்மா. "காலையில மீன் பணிஸ் சாப்பிட்டவர். நேர்த்திச் சேவல மச்சம் திண்ட கையால தொடப்படாது."

"அப்ப நீங்க நில்லுங்கப்பா," என்றேன். "நீங்கதான் தண்ணி பாக்க ஆசையில்லாத ஆள்."

அப்பா மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் மீன் அடைத்த பணிஸ் ரொட்டியின் தூள் ஒட்டியிருந்தது.

"தம்பி ரெண்டு வாங்கினவன்," என்றார்.

ஒரு கிழமைப் பூசணிக்காய்க்கு அப்பா பழி தீர்த்த இடம் அது. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் குளமே வற்றியிருக்கும். கடைசியில் மச்சம் தொடாதவர்கள் நானும் அம்மாவும்தான்.

"நீ போ மகன், நான் நிக்கிறன்," என்றார் அம்மா. காதோரம் பூ, கையில் கற்பூரப் பெட்டி, கால் நனைந்தால் துடைக்க ஒரு துவாய். வாழ்க்கையில் முதல்முறையாக எதையோ சும்மா பார்க்க வந்திருந்தார். நான் உமலை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் கட்டின் மேல் ஏறி மறைந்தார்கள். சற்று நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டு, சின்னதாகி, இல்லாமல் போனது. நான் ஒரு மரத்தின் கீழ் குந்தினேன். எதிரே பச்சை மதில். அதற்கு அப்பால் என் தீவுகள், என் குடாக்கள், என் யானைகள். சுற்றுலா வந்த வெள்ளைக்காரர் இருவர் என்னையும் சேவலையும் படம் எடுத்தார்கள். ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் எங்கள் இருவரையும் இனிப் படத்தில் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது அம்மா ஓடாத குறை.

"மகன்! நீந்துது! நான் நினைச்சன் கரையில நிண்டு குளிக்கும் எண்டு. இல்ல, நடுத்தண்ணியில! தும்பிக்கைய மேல தூக்கிக்கொண்டு, பின்னால குட்டி ஒண்டு தாய்ட வாலடியில…"

"ஆளுக்கொரு செம்மஞ்சள் அங்கி தந்தாங்க," என்று அப்பா குறுக்கே வந்தார். "மிதக்கிறதுக்காம். எனக்கு! நான் வேணாம் எண்டன். போடாட்டிப் படகு எடுக்க மாட்டானாம். கொம்மா முறைச்சதில போட்டன்."

"போட்டுட்டுக் கைய அகட்டி நண்டு மாதிரி இருந்தவர்," என்றார் அம்மா.

"தண்ணிய அள்ளி வாயில வைச்சுப் பாத்தன். உப்பில்ல. சப்பெண்டு கிடக்கு. முகத்துவாரம் எந்தப் பக்கம் எண்டு கேட்டன். கடலுக்குப் போக வாயே இல்லையாம் மகன், இவ்வளவு தண்ணிக்கு!"

எங்கள் பக்கம் வாவித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் முகத்துவாரம் வெட்டியிருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லுவார்கள். அப்பா அந்தக் குளத்தையும் அதே கேள்வி கேட்டிருக்கிறார். குளம் பதில் சொல்லாததில் அவருக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

அடுத்த படகு எப்போது என்று நான் படகோட்டியிடம் கேட்டேன். காற்று எழும்பிவிட்டது, இன்றைக்கு இனிப் படகு இல்லை என்றார். குளக்கட்டு மேலேயாவது ஏறிப் பார்க்கலாமா என்று அதிகாரியிடம் கேட்டேன். சவாரி முடிந்துவிட்டால் கட்டுக்கு ஆள் விடுவதில்லை என்றார். நான் மறுபடியும் ஆசிரியர் என்று சொன்னேன். அவர் மறுபடியும் நல்ல தொழில் என்றார்.

என் காதுக்குள் பின்வாங்குக் குரல் கேட்டது. படத்தில.

அம்மா என் முகத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. உமலைத்தான் பார்த்தார்.

"இவர் இன்னும் மலையப் பாக்கல்லையே," என்றார். "மதிலப் பாத்துக்கொண்டு இருந்தவருக்கு மலை எங்க தெரியிற? மச்சாள் கேட்டா நான் என்ன சொல்ல?"

நேரே அதிகாரியிடம் போனார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. சேவலைக் காட்டினார். மேற்கே காட்டினார். இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, "கதிர்காமம்," என்றார். பிறகு கைக்குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டிக் காட்டினார்.

அதிகாரியின் முகம் மாறியது. கதிர்காமத்து முருகனைச் சிங்களவரும் தெய்யோ, அதாவது தெய்வம், என்று கும்பிடுகிறவர்கள். "கதிர்காம தெய்யோவுக்கா?" என்று தமிழும் சிங்களமுமாகக் கேட்டார்.

"ஓம், தெய்யோவுக்குத்தான்."

அவர் தொப்பியைக் கழற்றினார். நோய், காட்டுப் பிராணி, சட்டம் எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை சுற்றி வந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்து, காட்டுப் பக்கம் ஏலாது, படகு ஏலாது, கட்டின்மேல் அந்த வெள்ளைக் கல்வரைக்கும் போகலாம், உமலை விட்டு வெளியே எடுக்கக்கூடாது என்றார். அத்தோடு விரலை நீட்டிச் சொன்னார்: "சேவல் மட்டும்."

அம்மா தன் விரலை என் பக்கம் திருப்பினார். சேவல் தானாக ஏறாதுதானே.

இப்படியாக, பட்டம் பெற்ற நான், ஒரு சேவலைத் தூக்குகிறவன் என்ற தகுதியில், அந்தக் குளத்தைப் பார்க்கப் போனேன்.

மேலே ஏறியதும் காற்று சட்டையை நிரப்பியது. நான் வரைந்த குளத்துக்கு விளிம்பு இருந்தது. இதற்கு இல்லை. தண்ணீர் ஒரு மலைக்குப் பின்னால் போய், இன்னொரு மலைக்குப் பின்னால் வந்தது. விரல்போல நீண்ட குடாக்கள் ஒன்றும் அங்கிருந்து தெரியவில்லை. விரலை அதன் நகத்துக்கு நேரே நின்று பார்த்தால் எப்படித் தெரியும்? தீவுகள் கருமையாக, முதுகு மட்டும் காட்டிப் படுத்திருந்தன. அதில் ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. யானையா, அலையா, என் ஆசையா என்று இன்றைக்கும் தெரியாது. நான் வகுப்பில் சொல்லிவந்த எதுவும் பிழையில்லை. ஆனால் அது இவ்வளவு பெரிதாக, இவ்வளவு பேசாமல் இருக்கும் என்று நான் சொன்னதேயில்லை.

சேவலும் அன்றைக்கு முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவியது. பக்கத்துக் கல்மலையிலிருந்து இன்னொரு சேவல் பதில் சொன்னது. இது திகைத்துப்போய் இன்னும் பலமாகக் கூவியது. அதுவும் விடவில்லை. கீழே அதிகாரி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. மலைக்கும் சேவலுக்கும் சண்டை முற்றுமுன் இறங்கச் சொன்னார்.

திரும்பி வரும்போது அம்மா தெளிவாக இருந்தார். வானை வீட்டுக்கு விடாமல் குருமண்வெளித் துறைக்கு விடச் சொன்னார். அங்கிருந்து பாதையில், அதாவது ஆளும் வாகனமும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையில் போனால், அக்கரை மண்டூரில் முருகன் கோயில்.

"இதுக்கு வீட்டில இருந்து நேரா வந்திருக்கலாமே," என்றார் அப்பா. "இந்தச் சேவல அம்பாறையெல்லாம் சுத்திக் காட்டி…"

"இஞ்ச பாருங்க. மச்சாள் நேர்ந்தது மலை முருகனுக்கு. இவர் மலைக்குப் போய், மலையோட கதைச்சும் வந்துட்டார். இனி முருகன் எங்க இருந்தாலும் ஏற்பார்."

பணிஸ் தின்ற அப்பா அதற்குமேல் சமயம் பேசவில்லை. பாதையின் ஓரத்தில் குந்தி, வாவித் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்து, "ம், இது தண்ணி," என்றார். பின்னேரப் பூசைக்கு மணி அடிக்கும்போது சேவலைக் கோயிலில் ஒப்படைத்தோம். அது எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமிக்கு அம்மா நடந்ததை நடந்தபடியே சொன்னார். மாமி முழுதாகக் கேட்டுவிட்டு, "மலையே பதில் சொல்லிச்சா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டா.

திங்கட்கிழமை வகுப்பில் குளத்தைப் புதிதாக வரைந்தேன். ஒரு பக்கத்துக்கு விளிம்பு போடாமல் விட்டேன். முன்வாங்குப் பிள்ளை கையை உயர்த்தியது.

"சேர், பாத்தீங்களா?"

"பாத்தன்," என்றேன். இந்தச் சொல்லுக்காக நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன்!

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பிள்ளை மறுபடி கேட்டது.

"ஆரோட சேர் போய்ப் பாத்தீங்க?"

"ஒரு சேவலோட."

"படத்தில" என்ற சொல் அன்றோடு ஒழிந்தது. இப்போதெல்லாம் நான் எதை விளக்கி முடித்தாலும், பின்வாங்கிலிருந்து மெல்லிய கூவல் ஒன்று வருகிறது. யார் என்று தெரியாது. எல்லாரும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.