அடுத்த மாடலுக்குக் காத்திருந்த டோப்ரி

எங்கள் கப்ரோவோ ஊர்க்காரர்களைப் பற்றிப் பல்கேரியா முழுக்க ஒரு கேலி உண்டு. குளிர்காலத்தில் பூனை உள்ளே நுழையும்போது கதவு ரொம்ப நேரம் திறந்திருக்கக் கூடாதென்று அதன் வாலை நறுக்கிவிடுவோமாம். நாங்களும் சேர்ந்து சிரிப்போமே தவிர மறுப்பதில்லை. ஆனால் டோப்ரியைப் பார்த்தால் எங்களுக்கே எரிச்சல் வரும். வாலை நறுக்குகிறவனாவது பூனையை உள்ளே விடுகிறான். டோப்ரி, வாலே இல்லாமல் ஒரு பூனை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கிற ரகம்.

மணிக்கூண்டுக்குப் பின்னால் போட்டோ கடை வைத்திருந்தார். பேருக்குத்தான் போட்டோ கடை. அடுப்பு எரிந்தது அஞ்சலி நோட்டீஸால். எங்கள் பக்கம் ஒருவர் போய்விட்டால் அவர் முகம் போட்ட தாளை வீட்டுக் கதவில், விளக்குக் கம்பத்தில், பஸ் நிறுத்தத்தில் எல்லாம் ஒட்டுவோம். அதோடு விட மாட்டோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, அரை வருஷத்துக்கு ஒன்று, அப்புறம் வருஷா வருஷம் ஒன்று. இந்த ஊர்ச் சுவரை விட்டு எவரும் லேசில் இறங்குவதில்லை. அத்தனை முகமும் டோப்ரியின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் சுவருக்குப் போகும்.

அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசினால் நமக்குத்தான் வாய் வலிக்கும். காலையில் பட்டனை அழுத்திவிட்டு டோப்ரி காப்பி போட்டு, குடித்து, கோப்பையைக் கழுவி வைத்த பிறகுதான் அது கண்ணைத் திறக்கும். ஒரு படத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால், புதுசு திரையில் வந்த பிறகும் பழசு அதன் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கண்ணே" என்று சொல்லாத ஆள் கிடையாது. "வாங்கத்தான் போறேன். அடுத்த மாடல் வரட்டும்" என்பார்.

வாங்க நினைக்காமலும் இல்லை. இலையுதிர் காலம் வந்தால் பிளாமென் கடைக்குப் போய் நிற்பார். பிளாமென் கம்ப்யூட்டர் விற்கிற இளைஞன். அவனுக்கு நேர்மை ஒரு வியாதி. "இதுவும் நல்ல மிஷின்தான் டோப்ரி மாமா. ஆனா வசந்தத்துல புதுசு ஒண்ணு வருது. அது வந்தா இதோட வெலை எறங்கும்" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைப்பான். டோப்ரி சந்தோஷமாக வெளியே வருவார். வசந்தத்தில் போனால் அவன் இலையுதிர் காலத்தைச் சொல்வான். இப்படியே மரங்கள் எத்தனையோ முறை உதிர்ந்து துளிர்த்துவிட்டன.

கடைக்காக என்றால் அது அவர் பாடு என்று விட்டுவிடலாம். வீட்டில் ஸ்லாவ்கா இருந்தாள். அவருடைய மனைவி. அவர்களுக்கு ஒரே மகள், ரலிட்சா. ஸ்பெயினில் நடக்க முடியாத ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை. விட்டுவிட்டு நகர முடியாது. போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. அந்த நாளில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய தாய்மார்கள் எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தார்கள். டோப்ரியின் கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் ஆகாது. இன்டர்நெட் கம்பி மட்டும் வீட்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது. கட்டடத்தில் எல்லோரும் சேர்ந்து இழுத்தபோது பங்கு குறைவாக விழுந்ததால் டோப்ரியும் சேர்ந்துகொண்டார்.

"எல்லாரும் பிள்ளைங்க மூஞ்சியப் பாத்துப் பேசுறாங்க. நான் மட்டும் போனைக் காதுல வச்சுக்கிட்டுக் கெடக்கேன்" என்பாள் ஸ்லாவ்கா.

"பக்கத்து வீட்டுல போய்ப் பேசிட்டு வாயேன்."

"என் பிள்ளையப் பாக்க அடுத்தவ வீட்டுல போய் நிக்கணுமா? நல்லா இருக்கு நியாயம்."

"பொறு ஸ்லாவ்கா. இப்ப வாங்கினா ஏமாந்துடுவோம்."

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்களே. ஸ்லாவ்காவின் இதயத்துக்கு அந்தப் பழமொழி தெரியாது. அந்த வருஷக் கோடையில் டாக்டர் அதைச் சோதித்துவிட்டு, ரொம்பத் தளர்ந்து போயிருக்கிறது, திடீர் அதிர்ச்சி எதுவும் ஆகாது என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் ஸ்லாவ்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "எனக்கு ஏதாவது ஆகிறதுக்குள்ள அவ மூஞ்சியப் பாத்துடணும் டோப்ரி." டோப்ரி தலையாட்டினார். அந்த இலையுதிர் காலத்திலும் பிளாமென் புது மாடலைப் பற்றிச் சொன்னான். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

நவம்பரில் பென்ச்சோவின் நாற்பதாம் நாள் வந்தது. பென்ச்சோ துணி ஆலையில் மெக்கானிக்காக இருந்தவர். அவருடைய மருமகன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். டோப்ரிக்கு ஒரு பழக்கம். நோட்டீஸின் நடுக்கட்டத்தில் படம் சரியான அளவில் உட்கார்வதற்காகத் தன்னுடைய போட்டோவையே நிரந்தரமாக வைத்திருந்தார். செத்தவர் படம் வந்ததும் தன்னை எடுத்துவிட்டு அவரை வைப்பார். அன்றும் வைத்தார். திரையில் பென்ச்சோ வந்தார். கம்ப்யூட்டரின் வயிற்றில் டோப்ரியே இருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் முதலில் ஒரு தாள் அச்சடித்துப் பார்த்திருப்பார்கள். ஒரு தாளை வீணாக்குகிற ஆளா நம் டோப்ரி? மொத்தத்தையும் அடிக்கச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். தாள்கள் கவிழ்ந்த வாக்கில் விழுந்தன. அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டார். மருமகன் அதைப் பிரிக்காமலே ரத்கோவிடம் தள்ளினான். ஒரு பாட்டில் பீருக்கு ஊர் முழுக்க ஒட்டித் தருகிறவன் ரத்கோ. செத்தவன் முகத்தைப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது என்று பசையை மட்டும் பார்த்து ஒட்டுவான். ஒட்டிவிட்டான்.

மறுநாள் காலை டோப்ரி வழக்கம்போல தோன்காவின் காப்பிக் கடைக்குள் நுழைந்தார். தோன்கா கையில் இருந்த தட்டு கீழே விழுந்தது. பேயறைந்த மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மூலையில் சிநேகிதர் மின்ச்சோ காலையிலேயே ரக்கியா சாராயக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அடப் பாவி" என்றார் மின்ச்சோ. "ஒனக்காகத்தான்டா குடிச்சிட்டிருக்கேன்."

"எனக்காக ஏன் குடிக்கிறே?"

"செத்துட்டேன்னு ஊரெல்லாம் ஒட்டியிருக்கே. ஒன் பேரைச் சொல்லித் தரையில கூட கொஞ்சம் ஊத்திட்டேன். அதை யாரு இப்பத் திருப்பித் தருவா?"

"ஒங்களுக்கு ஆயுசு நூறுண்ணே" என்றாள் தோன்கா, சுவரை விட்டு நகராமலே.

டோப்ரி ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிர்க் கம்பத்தில் அவருடைய முகம். கறுப்புக் கட்டத்துக்குள், மெலிதாகச் சிரித்தபடி. அதற்கடுத்த கம்பத்திலும் அதே முகம். மருந்துக்கடைச் சுவரிலும். கீழே பென்ச்சோவின் பெயர் இருந்தது என்னவோ உண்மை. முகத்தைத் தாண்டி யார் பெயருக்குப் போகிறார்கள்? வருஷக்கணக்காக மற்றவர்களுக்குச் செய்த வேலைதான். தன் முகம் சுவரில் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"நீ செத்ததை விட நீ பொழைச்சு வந்ததுதான்யா நெஞ்சடைக்குது" என்றார் மின்ச்சோ.

நெஞ்சு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் டோப்ரிக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஸ்லாவ்கா த்ரியாவ்னாவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இன்று காலை பஸ்ஸில் வருகிறாள். ரத்கோ எந்த இடத்தை விட்டாலும் பஸ் நிறுத்தத்தை விட மாட்டான்.

ஓடினார். அந்த வயதில் அந்த உடம்பு ஓடியதை ஊரே பார்த்தது. வழியில் கைக்கு எட்டிய நோட்டீஸையெல்லாம் கிழித்துக்கொண்டே ஓடினார். காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண் அவர் முகத்தையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். பின்னாலிருந்து ஒரு கிழவர், "செத்தவங்க தாளைக் கிழிக்கிறியே, வெளங்குவியா?" என்று தடியை ஓங்கினார். டோப்ரி திரும்பினார். கிழவரின் தடி அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

பஸ் வந்து போயிருந்தது. பெஞ்சில் ஸ்லாவ்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஊறுகாய் ஜாடி உடைந்து, மிளகாயும் காடியும் கல் மேல் ஓடிக்கொண்டிருந்தன. கண்கள் எதிர்க் கம்பத்தில் நிலைகுத்தி இருந்தன. போய்விட்டாள் என்றே டோப்ரி நினைத்தார்.

"உக்காரு" என்றாள் ஸ்லாவ்கா.

"நான் சாகலை."

"தெரியுது. பேரைப் படிச்சிட்டேன். பென்ச்சோன்னு போட்டிருக்கு."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

டோப்ரி பெஞ்சில் விழுந்தார். மூச்சு வாங்கியது. எல்லாம் அந்தப் பாழாய்ப்போன மிஷினால் வந்தது என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். ஸ்லாவ்கா கையமர்த்தினாள்.

"ஒண்ணு சொல்றேன், கேளு. பஸ்ஸை விட்டு எறங்கினதும் ஒன் மூஞ்சிதான் கண்ணுல பட்டுச்சு. அழுகை வரலை. 'அப்பாடா, இன்னிக்கே போய்க் கம்ப்யூட்டர் வாங்கிடலாம்'னு தோணுச்சு. அதுதான் மொதல்ல தோணுச்சு டோப்ரி. அப்புறம்தான் ஜாடி கையை விட்டு விழுந்துச்சு. நீ செத்ததுக்கு விழலை. நான் நெனச்ச நெனப்புக்கு விழுந்துச்சு."

சொல்லிவிட்டு அப்போதுதான் அழுதாள். முகத்தை மூடிக்கொள்ளாமல், நடுச்சாலையைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

கம்பத்தில் தன் முகத்தைப் பார்த்ததெல்லாம் ஒரு அதிர்ச்சியா? அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு, அவர் போனது ஒரு தடை விலகியதுபோல இருந்திருக்கிறது. கோபப்படலாமா என்று பார்த்தார் டோப்ரி. கோபம் வரவில்லை. கையில் இருந்த கிழிந்த தாள்களைச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் திணித்தார். ஜாடிச் சில்லுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "எந்திரி" என்றார்.

கடை வாசலில் பென்ச்சோவின் மருமகன் காத்திருந்தான். அவன் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. புதிதாக அடித்துத் தருகிறேன் என்று டோப்ரி கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினார். அப்புறம் இருவரும் நேரே பிளாமெனிடம் போனார்கள்.

பிளாமென் நாற்காலியை விட்டு எழுந்தான். "மாமா, நீங்க..."

"செத்துட்டேன். ஒரு கம்ப்யூட்டர் குடு. மூஞ்சி பாத்துப் பேசணும்."

பிளாமென் ஒன்றை எடுத்து வைத்தான். அப்புறம் அந்த வியாதி அவனை விடவில்லை. "ஜனவரில ஒண்ணு வருது மாமா..."

"எவ்வளவு எறங்..." என்று டோப்ரியின் வாய் தானாகவே திறந்தது. பாதியில் நின்றது. தன் நாக்கைக் கண்டு அவரே திடுக்கிட்டுப் போனார். அன்றைக்குமா? ஸ்லாவ்கா தலையைக் குனிந்து தரையைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

"வரட்டும்" என்றார் டோப்ரி. "இதைக் கட்டிக் குடு."

பிளாமெனே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். சாயங்காலம் ரலிட்சாவின் முகம் திரையில் வந்தது. கொஞ்சம் பருத்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், சிரித்தாள். ஸ்லாவ்கா விரலை நீட்டித் திரையைத் தொட்டாள். "என் கண்ணு" என்றாள்.

ரலிட்சாவின் சிரிப்பு மெல்ல நின்றது. திரைக்கு அருகே வந்து பார்த்தாள்.

"அம்மா, என்னம்மா இது? ஏன் இப்படி ஆயிட்டே?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பா, அம்மா இப்படி எளைச்சிருக்கான்னு ஏன்ப்பா சொல்லலை?"

என்ன இளைப்பு, தினமும் பார்க்கிறேனே என்று சொல்லத்தான் டோப்ரி வாயெடுத்தார். திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதற்குள் அவரும் ஸ்லாவ்காவும் தெரிந்தார்கள். அவர் பக்கத்தில் கன்னம் ஒட்டி, உதடு நீலம் பாரித்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்த மாதிரி முகங்களை அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசி நாட்களில் எடுத்த படம் என்று வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். அளவாக வெட்டிக் கறுப்புக் கட்டத்துக்குள் வைத்திருக்கிறார். அடுத்த அறையில் தூங்குகிறவளை மட்டும் பார்க்கத் தவறியிருக்கிறார்.

"வசந்தத்துல லீவு கேட்டுட்டு வர்றேன்ம்மா" என்றாள் ரலிட்சா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுவரைக்கும் ஒடம்பப் பாத்துக்க."

"வசந்தம் வேண்டாம்" என்றார் டோப்ரி. "இப்பவே கெளம்பு."