மதகில் படுத்த கார்

உடையார்கட்டில் மயில்வாகனத்தின் நாலு ஏக்கரில் அந்த மாரிக் காலபோகத்தில் விளைந்த நெல்லுக்குள் ஒரு கொம்பன் யானை புகுந்து மூன்று நாள் நின்றிருந்தாலும் வெளியே முதுகு தெரிந்திராது. சரி, யானை என்றது கொஞ்சம் கூடிப்போயிற்று. கன்றுக்குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்த கன்றுக்குட்டி. ஆனால் குளம் வற்றாமல், பூச்சி விழாமல், பன்றி உழக்காமல் ஒரு போகம் முழுதாக நின்றது அவருடைய அறுபத்திரண்டு வயதில் அதுதான் முதல் தடவை என்பதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அவருடைய தகப்பன் புங்குடுதீவிலிருந்து அரசாங்கம் பிரித்துக் கொடுத்த குளத்துக் காணி கிடைத்து வந்தவர். மயில்வாகனம் அந்தக் காணியில் பிறந்து, சண்டைக்காலத்தில் அதை விட்டு இரண்டு தரம் ஓடி, இரண்டு தரம் திரும்பி வந்து பற்றை வெட்டியவர். உடம்பில் ஒரு குறையும் கிடையாது. நாக்கில் மட்டும் ‘இல்லை’, ‘மாட்டன்’ என்ற சொல் ஏறாது. மீளக்குடியேறிய வருடம் கொட்டிலுக்கென்று கிடைத்த பன்னிரண்டு தகரத்தில் நாலைப் பக்கத்து வளவுக்காரன் கேட்டான் என்று தூக்கிக் கொடுத்துவிட்டு, மழைக்கு மனைவி சிவனேஸ்வரியோடு மீதி எட்டுக்குக் கீழே நகர்ந்து நகர்ந்து படுத்தவர். அந்த நாலு தகரத்தைச் சிவனேஸ்வரி இன்னும் மறக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்குத்தான் அறுவடைக்கு முதல் நாள் போன் வந்தது. சிவனேஸ்வரியின் தமையன் மகள் வினோஜா. வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கலியாணம்.

“மாமா, நாளைக்கு உடனை வெட்டிப்போடாதேங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் வந்து ஒரு படம் எடுத்துப்போட்டுப் போறம். உங்கடை வயல் மாதிரி மஞ்சள் வேறை ஒரு இடத்திலையும் இல்லை.”

“வெட்டுமெசின் பதினொரு மணிக்குத்தான் பிள்ளை வரும். அதுக்குள்ளை எடுத்திட்டியள் எண்டால் சரி.”

போனை வைத்ததும் சிவனேஸ்வரி கேட்டாள்: “நாளைக்குப் பின்னேரம் மழையெண்டு றேடியோ கத்துது. கேட்டனீங்களோ?”

“பிள்ளை ஆசையாக் கேக்குது.”

“ஆசையாக் கேட்டால் கட்டியிருக்கிற கோவணத்தையும் அவிட்டுக் குடுப்பியள்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு மயில்வாகனம் தேங்காயோடு போனார். வெட்டுமெசின் வயலில் இறங்க முதல் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் சிதற அடிப்பது அவர் தகப்பன் காலத்து வழக்கம். அப்போது மெசின் இல்லை, அரிவாள்தான். தேங்காய் அதே தேங்காய். வழக்கமாக உடைக்கிற கல், மூலை மருத மரத்தடியில் இருந்தது. அங்கே போகும் வரம்பு சேறு. அதனால் வாய்க்காலுக்கு மேலால் வயலுக்குள் இறங்கும் சின்னப் பாலமான மதகிலேயே நின்று, கொங்கிறீட்டில் ஓங்கி அடித்தார். அப்படி ஒரு சிதறல் அவர் கண்டதில்லை. எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு விளைச்சல் என்பார்கள். தான் உடைத்ததைத் தானே பொறுக்கக் கூடாது, பிள்ளைகள் பொறுக்குவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். காகங்கள் வந்து தேங்காய்ப் பருப்பைக் கொத்திக்கொண்டு சிரட்டையை விட்டுவிட்டுப் போயின.

பத்து மணிக்கு வினோஜாவும் மாப்பிள்ளையும் படம் எடுப்பவனும் ஓட்டோவில் வந்தார்கள்; பின்னால் கார் வந்தது. கன்னங்கரேலென்று, குளத்து நீர்க்காகம் மாதிரி மினுங்கியது. படத்துக்கென்று வவுனியாவில் வாடகைக்குப் பிடித்த கார். ஓட்டி வந்தவன் அர்ஷாத் என்ற வவுனியாப் பெடியன். வயல் முழுதும் பின்னால் விழும் இடம் மதகுதான் என்று படம் எடுக்க வந்தவன் சொன்னான். அர்ஷாத் காரை மெல்ல மதகில் ஏற்றி நிறுத்திவிட்டு, கைப்போனில் எதையோ தட்டினான். உஸ் என்றது. கார் முன்பக்கத்தை மடக்கி, பிறகு பின்பக்கத்தை மடக்கி, மாடு படுக்கிற மாதிரி ஒரு சாண் பதிந்தது.

மயில்வாகனத்துக்கு வாய் மூடவில்லை. “என்னெண்டு தம்பி இது?”

“காருட நாலு சில்லுக்கும் மேல காத்துப் பை இருக்கு ஐயா. காத்தை விட்டா படுக்கும், அடைச்சா எழும்பும். கொம்பனி போட்டதில்ல, கொழும்பில ஒரு கராச்சில போட்டது.”

படம் எடுத்து முடிந்தது. கார் எழும்பியது. வினோஜாவும் மாப்பிள்ளையும் படக்காரனும் அடுத்த இடம் பார்க்க ஓட்டோவில் முன்னால் போனார்கள். அத்தோடு அர்ஷாத்தும் போயிருப்பான். ஆனால் மயில்வாகனம் ஒரு பிள்ளையைப் போல அவன் கையைப் பிடித்தார்.

“தம்பி, இன்னொருக்காப் படுக்க வையும் பாப்பம். இன்னும் பதியுமோ?”

“நிலம் முட்டப் பதியும்.” அவனுக்கும் பெருமை. தட்டினான்.

கார் பதிந்தது. பதிந்துகொண்டே போய், வயிறு கொங்கிறீட்டில் தட்டும் இடத்தில் அடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு ஒரு நீண்ட சீறல். அர்ஷாத் மறுபடி தட்டினான். உள்ளே எதுவோ உறுமியது, கார் அசையவில்லை. இன்னும் தட்டினான். உறுமல்தான். காற்று ஒரு பக்கத்தால் போக மறுபக்கத்தால் வெளியேறிக்கொண்டிருந்தது.

மயில்வாகனம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார். கைப்போன் வெளிச்சத்தில், சில்லுக்குப் பக்கத்து இடைவெளியில் தொங்கிய ஒரு கறுப்புக் குழாயைக் கண்டார். குழாயில் ஒரு வெட்டு. வெட்டுக்குக் கீழே, விளிம்பு மேலே பார்த்தபடி, காகம் பருப்புத் தின்ற சிரட்டைத் துண்டு.

“என்ன ஐயா தெரியுது?”

“ஒண்டுமில்லை தம்பி. ஒரே இருட்டு.”

அறுபத்திரண்டு வருடமாக அவர் நாக்கில் ஏறாமல் தவணை சொன்ன ‘இல்லை’ அன்றைக்கு அவ்வளவு லேசாக வந்தது. கையை உள்ளே விட்டுச் சிரட்டையை எடுத்து மடியில் முடிந்துகொண்டார். தேத்தண்ணிப் போத்தலோடு வந்த சிவனேஸ்வரி காரடியில் குனிந்து செருப்பை உதறிக்கொண்டு நின்றாள்.

பதினொரு மணிக்கு வெட்டுமெசின் வந்தது. வயலுக்கு ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் ஆளுயரப் பள்ளம். நாலு ஏக்கருக்குள் இறங்க அந்த ஒரு மதகுதான். மதகில் கார். மெசின்காரன் சிவகரன் இறங்கி வந்து இரண்டையும் பார்த்தான்.

“ஐயா, நான் ஒரு தள்ளுத் தள்ளட்டோ? கார் வாய்க்காலுக்கை போகும், மெசின் வயலுக்கை போகும். ஆளாளுக்கு ஒரு இடம்.”

அர்ஷாத் பகிடியை விளங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. ஜாக் வைத்துப் பார்த்தான்; அதை நுழைக்க அடியில் இரண்டு விரல் இடம் கிடையாது. தூக்கிப் பார்த்தார்கள், மூன்று பேருக்கும் அது மலை. கயிறு கட்டி இழுக்கலாம் என்றான் சிவகரன்.

“அடி கிழிஞ்சிரும். இது என்ட கார் இல்ல ஐயா, முதலாளிட கார். நான் பிறகு வவுனியாவுக்கே போக ஏலாது. தூக்கிற லொறிக்குச் சொல்லியிருக்கன். ரெண்டு மணிக்கு வந்திரும்.”

இருவரும் மயில்வாகனத்தைப் பார்த்தார்கள். வயல் அவருடையது. ‘இழு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். கிழக்கே, கடல் பக்கம், வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நெல் தலை சாய்ந்து, பாரத்தோடு, காற்றில்லாமல் நின்றது. மடியில் சிரட்டை குத்தியது.

“லொறி வரட்டும்” என்றார்.

சிவகரன் பன்னிரண்டரை வரை நின்றான். அதற்கு மேல் அவனாலும் முடியவில்லை. “முள்ளியவளையிலை ரெண்டு பேர் காத்துக்கொண்டு நிக்கினம் ஐயா. நான் திரும்பி வர ஒரு கிழமை செல்லும். குறை நினையாதேங்கோ.”

“இல்லை ராசா. நீ என்ன செய்வாய்.”

மெசின் வாய்க்கால் கட்டோடு போய் மறைந்தது. ஒன்றரைக்கு முதல் துளி விழுந்தது. பிறகு துளி எண்ண முடியவில்லை.

“ஐயா, அம்மா, நனையாதீங்க. உள்ள ஏறுங்க” என்றான் அர்ஷாத்.

மயில்வாகனம் முன்னால், சிவனேஸ்வரி பின்னால். இருக்கை மாட்டுக் கன்றின் கழுத்தைப் போல மெத்தென்று இருந்தது. சேற்றுக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிவனேஸ்வரி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி துடைக்கிற கம்பு போகும், வயல் தெரியும். மழை விழும்; மறையும். ஒவ்வொரு தரம் தெரியும்போதும் இன்னும் ஒரு பாத்தி படுத்திருந்தது. முதலில் மருத மரத்தடி. பிறகு நடுத்துண்டு. ஒரு கை போய்த் தடவி விடுவது போல, மெல்ல, ஒரே பக்கமாக. இனி அது தண்ணீருக்குள் கிடந்து முளைக்கும்.

கடைசியில் அர்ஷாத்தான் அழுகிற குரலில் சொன்னான்: “என்னாலதானே ஐயா இவ்வளவும். நான் இன்னொருக்காப் பதிச்சிருக்கக் கூடாது.”

அதைக் கேட்டுக்கொண்டிருக்க மயில்வாகனத்தால் முடியவில்லை. மடியை அவிழ்த்தார்.

“உம்மாலை இல்லைத் தம்பி. காலமை இதிலை தேங்காய் உடைச்சது நான். இன்னொருக்காப் படுக்க வையும் எண்டு கேட்டதும் நான். இந்தச் சிரட்டைதான் குழாயை வெட்டினது. ஒரே ஒரு துண்டு. எடுத்து ஒளிச்சுப்போட்டன்.”

பின்னால் இருந்து சிவனேஸ்வரியின் கை நீண்டு வந்து, அவருடைய உள்ளங்கையில் இருந்த சிரட்டைக்குப் பக்கத்தில், காரடியில் அவள் பொறுக்கியிருந்த இன்னொன்றை வைத்தது.

“ஒரு துண்டில்லை. ரெண்டு” என்றாள்.