ஊசியைக் கண்டால் மயங்கும் மாப்பிள்ளை

என் தங்கை புருஷன் மேல் எனக்குப் பத்தொன்பது வருஷமாக ஒரு மனத்தாங்கல். அவர் சொல்ல வேண்டிய பதிலை என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார்.

இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் கட்டட வேலை பார்த்தோம். அவர் உச்சியில் கிரேன் ஓட்டுவார். நான் கீழே நின்று கை காட்டுவேன். சுமை சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது மேலே இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் நிற்கிறவன் நான். என் கையைப் பார்த்துத்தான் இறக்குவார். வேறு எவன் காட்டினாலும் அசைய மாட்டார். ஒருமுறை எஞ்சினியரே கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். நம்ம ஆள் மேலே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், வேலையை விடப் போகிறாராம். படுக்கையோடு கிடக்கிற, கேட்க ஆளில்லாத ஆண்களுக்கு எங்கள் திருச்சபை ஒரு இல்லம் நடத்துகிறது. அங்கே ஊழியம் செய்ய ஆண்டவர் கூப்பிடுகிறாராம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

“நான் தங்கச்சியைக் கொடுத்தது கிரேன் ஓட்டுறவருக்கு. உங்களுக்கு ஊசியைப் பார்த்தாலே கண்ணு சொருகும். புண்ணைத் துடைக்கப் போறீங்களா?”

“அதை நினைச்சாத்தான் மச்சான் எனக்கும் பயமா இருக்கு.”

“அங்க என்ன இருக்குன்னாவது தெரியுமா?”

“தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு என்னிக்காவது உங்ககிட்ட கேட்டிருக்கேனா?”

“இல்ல.”

“அப்புறம் எந்த தைரியத்துல இறக்குறேன்?”

“கை காட்டுறது யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல!” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “அவ்வளவுதான் மச்சான். நான் பயந்தாங்கொள்ளின்னு ஆண்டவருக்குத் தெரியும். தெரிஞ்சே கூப்பிடுறார். கூப்பிட்டுட்டு நடுவுல கைவிடுற குணம் அவருக்குக் கிடையாது. நீங்களே ரெண்டு தடவை தப்பாக் காட்டியிருக்கீங்க, உங்களையே நான் விடலையே.”

அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். தங்கை ஏற்கெனவே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். “அண்ணா, கத்துறதுன்னா அந்த முடிச்சை இழுத்துக் கட்டிட்டுக் கத்து” என்றாள்.

இல்லத்துக்குப் போன பதினோராம் நாள் ஆள் வேலையிடத்துக்குத் திரும்பி வந்தார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கிரேன் இருக்கையை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று மேஸ்திரியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். வந்தவர் அலமாரியைத் திறந்து சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அங்கே யாருக்கும் மாசக்கணக்காகச் சவரம் செய்யவில்லையாம். அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார்.

குறை கண்டுபிடிக்கத்தான் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போனேன். குறைக்குப் பஞ்சமில்லை. மழைக்குக் கூரை ஒழுகியது. முதல் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது இவர் மயங்கி விழ, ஒரு கை வராத நோயாளி மறு கையால் இவர் முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார். அந்தப் பயத்தை எடுத்துவிடும்படி எவ்வளவோ ஜெபித்தார். ஆண்டவர் எடுக்கவில்லை. அதைப் பற்றி இவரிடம் ஒரு முறைப்பாடும் நான் கேட்டதில்லை. ஒரு முக்காலி வாங்கிப் போட்டு, உட்கார்ந்தபடியே கட்டுப் போடப் பழகினார். கண் இருட்டினால் தலையைக் குனிந்து ஐந்து நிமிஷம் இருப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து சுற்றுவார். பத்தொன்பது வருஷமும் இப்படித்தான்.

எத்தனையோ மாடி எழும்ப நான் கை காட்டியிருக்கிறேன். அதில் ஒன்றிலும் எனக்கு இவ்வளவு நிறைவு வந்ததில்லை. நாதியில்லாமல் செத்திருக்க வேண்டிய நூற்றுக்கணக்கான பேர் துடைத்த முகத்தோடு, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆளோடு போய்ச் சேர்ந்தார்கள். என் தங்கை ஒரு நாள்கூடக் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் வாசலுக்கு வரவில்லை. இந்த மனுஷனை எங்கள் வீட்டுக்குக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மனத்தாங்கல் அது பாட்டுக்கு ஒரு ஓரத்தில் கிடக்கட்டும்.

போன மாதம் அவருடைய நுரையீரல் கைவிட்டுவிட்டது. அதே இல்லத்தில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அவர் இடத்துக்கு வர ஒரு தையல்காரர் ஒத்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கப் போன அன்றுதான் அவர் வருவதாகச் சொன்ன நாள். மத்தியானம் ஆகியும் ஆள் வரவில்லை.

“வாக்குக் கொடுத்துட்டு ஓடிட்டான் பாருங்க” என்றேன்.

அவர் ஜன்னலைக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் பையை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

“காலைல இருந்து அங்கதான் இருக்கார் மச்சான். எழுந்திருக்கிறார், உட்கார்றார்.” மூச்சு வாங்கியது. “போய் அவர் பக்கத்துல உட்காருங்க. புத்தி மட்டும் சொல்லிடாதீங்க. சாப்பிட்டாரான்னு கேளுங்க.”