ஆறின பிறகு தெரிகிற முகம்

பச்சை குத்தும் கடையை விட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். மழித்த இடது கையில் டெட்டால் வாசனை அடித்தது.

அப்பாவின் கையிலும் இந்த வாசனைதான் அடித்தது. அப்போது நான் மூன்றாவது படித்தேன். அதற்குமேல் ரொம்பப் படிக்கவில்லை. ரிஷிவந்தியம் திருவிழாவில் ஒருவன் பேட்டரி மெஷினை வைத்துக்கொண்டு, போட்டோ மாதிரியே முகம் குத்துவதாகக் கூவினான். அப்பா அம்மாவின் முகத்தைக் குத்திக்கொண்டு வந்தார். அன்றைக்கு அது அம்மாவேதான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே தினமும் டெட்டால் தண்ணீரால் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவினாள். பொருக்கு உதிர்ந்தபோது மை பரவி, மூக்குக்குக் கீழே போட்ட நிழல் மீசையாகியிருந்தது.

"இன்னாப்பா, பொண்டாட்டிய குத்தச் சொன்னா மச்சானக் குத்திக்கினு வந்துட்ட?" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். பிறகு அப்பா எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். நானும் அவள் முகத்தைத்தான் குத்தக் கேட்டேன். கடைக்காரத் தம்பி போனில் காட்டிய முகங்களில் உயிர் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் சுற்றித் தோல் சிவந்திருந்தது.

"ஆறினப்புறம் எடுத்தது ஒண்ணு காட்டு தம்பி."

"ஆறினவங்க எதுக்குண்ணா திரும்பி வரப்போறாங்க?"

எழுந்துவிட்டேன். ஊசி படுவதற்குள் கேட்டோமே என்று நடக்க நடக்க மனசு லேசானது.

மறுநாள் காலை மூங்கில்துறைப்பட்டில் கரும்பு லோடு ஏற்ற ஆள் எடுத்தார்கள்; நானும் போய் நின்றேன். கரும்பின் காய்ந்த சோகை இலை பட்டால் புண் சீழ் வைக்கும் என்பதால் மேஸ்திரி ஒவ்வொருவர் கையையும் பார்த்தார்.

"காயம் எதுனா இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப ஏறு வண்டியில."