எதிர்க்கடைக்கு நான் எழுதிய சீட்டு

கம்ப்யூட்டர் கடை வைப்பவனுக்கு மதர்போர்டு தெரிகிறதோ இல்லையோ, அடுத்தவன் வீட்டுப் பெரிய டிவியைப் பார்த்து வயிறு எரியாமல் இருக்கத் தெரிய வேண்டும். எனக்கு அது தெரியாது. கோவில்பட்டியில் பதினைந்து வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், இன்னும் கற்றுக்கொண்டபாடில்லை.

போதாக்குறைக்கு எதிரே செல்வம் கடை. அவனும் நானும் முன்பு வேறொருவர் கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். என்னைவிட மூன்று வயது சின்னவன். நான் முதலில் தனியாக வந்தேன். அவன் மூன்று வருடத்துக்கு முன் வந்தான். ஊரில் எத்தனையோ தெரு இருக்க, நேர் எதிரே வந்தான். என் கடையில் மேசை விசிறி, அவன் கடையில் ஏசி. என் கடையில் துருப்பிடித்த ஷட்டர், அவன் கடையில் கண்ணாடிக் கதவு. பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள் என்று எழுத ஆசைதான். ஆனால் பொறாமையேதான். எதிரே ஒரு கடை முளைத்துப் பார்த்த அன்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

லேபிள் தாளின் பின்பக்கம்

கேம் ஆட வேண்டும், டிவியிலும் படம் தெரிய வேண்டும், எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று கேட்டு தினமும் இரண்டு பேராவது வருவார்கள். இது பெண் கொடுக்கிற மாதிரிதான். பெண் நன்றாக இருந்தால் போதாது, போகிற இடமும் ஒத்துவர வேண்டும். மதர்போர்டு என்ன, உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி எவ்வளவு தாங்கும், கேபினட்டுக்குள் எத்தனை சாண் இடம், டிவியின் பின்னால் வயர் செருக எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கிறதா, எல்லாம் விசாரித்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். சீட்டு என்பது பிரஸ்ஸில் கலர் பிசகி ஒதுக்கிய தீப்பெட்டி லேபிள் தாள். முன்பக்கம் கிளியோ மயிலோ வரிசையாக நிற்கும். பின்பக்கம் சுத்த வெள்ளை.

சீட்டை வாங்கிக்கொண்டு நேரே ரோட்டைக் கடந்து செல்வம் கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே சரக்கு கைவசம் இருக்கும், தவணையும் உண்டு. பசுவந்தனைக்காரர் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்து, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். படி இறங்கியவர் திரும்பி வந்தார். மனசு மாறிவிட்டது என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்க எழுத்து வெளங்கலன்னு எதிர்க்கடையில சொன்னா, ஒங்களுக்குப் போன் அடிச்சுக் கேக்கலாம்லா?"

ஒரு சாண் கீழே

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் வீட்டில் மகனுக்குப் புதுக் கார்டு. சீட்டு என்னுடையது, கார்டு செல்வத்துடையது. மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, டிவியில் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று புகார். செல்வம் சரக்கெடுக்கச் சென்னை போயிருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். ஹாலில் சுவரை அடைத்து ஒரு டிவி. அதற்கு முன்னால் வெல்வெட் சோபா. என் வீட்டு டிவியை அதன் ஒரு மூலையில் ஒட்டி வைக்கலாம். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் கார்டே கிடையாது. ஊருக்கெல்லாம் கார்டு எழுதிக் கொடுக்கிறவன் வீட்டில் சீட்டாட்டம் ஒன்றுதான் ஓடும்.

கம்ப்யூட்டரின் பின்னால் குனிந்து பார்த்தேன். நினைத்தது சரி. வீட்டைக் கூட்டியபோது யாரோ வயரைப் பிடுங்கி, டிவிக்குப் போகிற எச்டிஎம்ஐ வயரைக் கார்டில் செருகாமல் மதர்போர்டிலேயே செருகியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. வயரைப் பிடுங்கி ஒரு சாண் கீழே செருகினேன். டிவியில் கார் பறந்தது. பையன் குதித்தான். நான் ஒரு நல்ல வார்த்தைக்காக நின்றுகொண்டிருந்தேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "இவ்வளவுதானா? செல்வம் வார வரைக்கும் பொறுத்திருக்கலாமே."

நாலு விரக்கடை

புதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர், துபாயிலிருந்து லீவில் வந்தவர், சூட்கேஸில் துணி சுற்றி ஒரு கார்டு கொண்டுவந்தார். மூன்று விசிறி வைத்தது. அந்த மாதிரியை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். கையில் வாங்கியவனுக்குத் திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. கூட அவருடைய அப்பா, தோளில் வீட்டுக் கம்ப்யூட்டரோடு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மகன் அவரை 'நாயனா' என்றுதான் கூப்பிட்டார். ஐம்பது ஆடு வைத்திருக்கிறவர். கார்டைச் சாணால் அளந்து, பிறகு கம்ப்யூட்டரின் கேபினட்டை அளந்து, எனக்கு முன்னால் அவரே தீர்ப்பு சொல்லிவிட்டார். கேபினட்டைவிடக் கார்டு நாலு விரக்கடை நீளம், உள்ளே போகாது.

பெரிய கேபினட் வேண்டும். என்னிடம் இல்லை. செல்வத்திடம் இருக்கிறது, எனக்குத் தெரியும். ஆனாலும் வாயில் வந்தது வேறு. "அது இந்த ஊர்ல கெடைக்காது தம்பி, மதுரைக்கு ஆர்டர் போடணும், பத்து நாளாகும்" என்றேன். மகன் தலையாட்டினார். அப்பா வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்து நின்றார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: "அங்கன கண்ணாடிக்குள்ள நாலு நிக்கே, அதெல்லாம் எந்த ஊருதுய்யா?"

ரோட்டைப் பார்த்த டிவி

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். செல்வம் வரவிடவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் அவன் கடைக் கண்ணாடிக்குள் ரோட்டைப் பார்த்து ஒரு பெரிய டிவி வைத்து, அதில் கார் பந்தயத்தை ஓடவிட்டான். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்றார்கள். கடலைமிட்டாய் பார்சலோடு நின்றார்கள். டிராபிக் போலீஸ்காரர்கூட ஒரு ரவுண்டு பார்த்துவிட்டுத்தான் விசிலை எடுத்தார். நான் கல்லாவில் உட்கார்ந்து, அந்தக் கும்பலில் எத்தனை பேர் என் சீட்டை வாங்கியவர்கள் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். கும்பலில் முன்வரிசையில், கத்தரிக்காய்ப் பையோடு, என் மனைவி. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் கழித்து ரோட்டைக் கடந்து வந்து தூக்குவாளியை மேசையில் வைத்தாள். மனசில் கள்ளம் இல்லாமல்தான் கேட்டாள்: "ஏங்க, ஒங்களுக்கும் இந்த மாதிரி ஒண்ணு மாட்டத் தெரியும்லா?"

விட்டுப் போன வரி

அந்தச் சாப்பாடு தொண்டையில் இறங்கும் முன்பே ரத்தினம் வந்தார். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிறவர். எம்பிராய்டரி டிசைன் போட அவருக்கு ஒரு கம்ப்யூட்டரைச் சில வருடம் முன்பு நான்தான் செய்து கொடுத்தேன். அவருக்குத் தூத்துக்குடிதான் பக்கம், இருந்தாலும் என்னைத் தேடி வருவார். விஷயம் இதுதான்: வெள்ளிக்கிழமை காலை வெளியூர் வியாபாரிகள் தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் கொடுக்க வருகிறார்கள். டிசைனையெல்லாம் பெரிய டிவியில் காட்ட வேண்டும். பழைய கார்டில் டிவிக்கு வழி இல்லை. புதுசு போடுவதுதான் போடுகிறோம், பையன் கேம் ஆடவும் ஆகட்டும் என்றார். "இந்த ஆர்டர் போச்சுன்னா அடுத்த ஆறு மாசம் மிசின் சும்மா கெடக்கும் அண்ணாச்சி" என்றும் சொன்னார்.

நல்ல கார்டாகத்தான் எழுதினேன். ஆனால் அந்தக் கார்டுக்குக் கரண்ட் கொடுக்கத் தனி வயர் வேண்டும். ரத்தினத்தின் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வயர் கிடையாது. மாட்டினவன் நான், எனக்குத் தெரியாதா? புது எஸ்எம்பிஎஸ் என்று இரண்டாவது வரி எழுத வேண்டும். பேனா அந்த இடத்துக்குப் போயும் விட்டது. அந்த நேரம் பார்த்து எதிரே கும்பல் கைதட்டியது. நான் பேனாவை மூடினேன். கார்டு ஓடாது, ரத்தினம் செல்வத்தின் வாசலில் நின்று சத்தம் போடுவார், அந்தக் கும்பல் அதையும் பார்க்கட்டும் என்று ஒரு கணக்கு. வெள்ளிக்கிழமை ரத்தினத்துக்கு என்ன ஆகும் என்பதை நான் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன், நினைத்துவிட்டும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

"என்கிட்ட சரக்கு இல்ல, எதிர்க்கடையில வாங்கிக்கோங்க" என்றேன். "வேற எதுவும் வேண்டாம்லா அண்ணாச்சி?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ரத்தினம் சீட்டைக் கண்ணில் ஒற்றாத குறையாக மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க கையெழுத்து இருக்கு, பெறகு எனக்கு என்ன பயம்?"

கூப்பிடாத போன்

வியாழக்கிழமை முழுக்க எதிர்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் எனக்கே பொறுக்கவில்லை. ரத்தினத்தைக் கூப்பிட்டு, எஸ்எம்பிஎஸ் ஒன்று விட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று கேட்பீர்கள். சொன்னால் செல்வம் தப்பித்துவிடுவான், அதுதான் கேடு.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் தையல் மிசின்கள் ஓடும் சத்தத்துக்கு மேல் ரத்தினம் கத்தினார்: "அண்ணாச்சி, வந்தவியல்லாம் டிவியப் பாத்து மலைச்சுப் போயிட்டாவ, ஆர்டர் கெடச்சிட்டு, நீங்க நல்லா இருக்கணும்!"

கண் பரிசோதனை

மறுநாள் காலை செல்வம் என் கடைக்குள் வந்தான். எதிரே கடை திறந்த பிறகு அவன் என் படி ஏறியது அதுதான் முதல் தடவை. கையில் ரத்தினத்தின் சீட்டு. நான் எழுதிய வரிக்குக் கீழே, விட்டுப் போன எஸ்எம்பிஎஸ் வரி, அவன் கையெழுத்தில். கோபமாக வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். அவனோ ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஒடம்புக்கு ஏதும் செய்யுதாண்ணே?" என்றான். "மூணு வருசமா ஒங்க சீட்ட ஒண்ணுவிடாம கம்பியில குத்தி வச்சிருக்கேன். அதப் பாத்துத்தான் நான் சரக்கே எடுக்கேன். எஸ்எம்பிஎஸ் எழுதாத சீட்டு ஒண்ணு கெடையாது. இதுல மட்டும் காணல. சந்தேகப்பட்டு ரத்தினம் அண்ணாச்சி வீட்டுக்குப் போன் போட்டு, பெட்டியத் தொறந்து போட்டோ அனுப்பச் சொன்னேன். நீங்க எழுத மறந்துட்டு எனக்குப் போன்ல சொன்னதா அவர்ட்டச் சொல்லிச் சேத்துக் குடுத்துட்டேன். கண்ணு ஏதும் தெரியலையாண்ணே?"

"ஆமா செல்வம், கொஞ்ச நாளா கலங்கலாத்தான் இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல? விடுவானா? பைக்கில் ஏற்றி மெயின் ரோட்டுக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனான். பரிசோதிக்கிற பெண் ஒரு அட்டையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். கடைசி வரியில் எறும்பளவு எழுத்து. எனக்கு அச்சடித்தாற்போல் தெரிந்தது. செல்வம் பக்கத்திலேயே நின்றிருந்தான். அந்த வரியை வாசித்தால் அகப்பட்டுக்கொள்வேன். மூன்றாவது வரியிலேயே திக்கினேன். நாலாவது வரியில் 'ப'வை 'ம' என்றேன். லென்ஸ் போட்டாள், எறும்பு கட்டெறும்பானது. "இப்பத் தெளிவாத் தெரியுது" என்று சொல்லிவிட்டேன். ஃபிரேமைச் செல்வமே தேடி எடுத்து என் மூக்கில் மாட்டி, சற்றுத் தள்ளி நின்று அழகு பார்த்தான். பிறகு என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நல்லவேள, கண்ணுதான்ணே. நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்."

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியைக் கழற்ற வழியில்லை, அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் எதிரே அவன் கடை கலங்கலாகத்தான் தெரிகிறது, ஆனால் முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது.