நாய் மட்டும் விழுந்த படம்

பயிலரங்கில் அவளுக்கு விழுந்த பெயர் 'பாஸ்போர்ட்'. நாற்பதைத் தாண்டியவள். ஒரு ஸ்டூடியோவில் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து, "தாடையைத் தூக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவள். கட்டடங்களையும் நிலக்காட்சிகளையும் படமெடுக்கக் கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கில் சேர்ந்த அன்றே தன் தொழிலை வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அது போதுமே.

"பாஸ்போர்ட் அக்கா, கட்டடத்தைப் பார்த்துத் தாடையைத் தூக்கச் சொல்லிடாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் இன்னொரு பெயர் வைத்திருப்பார்கள்.

பயிற்சியாளர் அவளைவிட வயதில் சின்னவர். வாரம் முழுக்க எடுத்த படங்களைச் சுவரில் பெரிதாகப் போட்டு, எடுத்தவரை எழுப்பி நிறுத்தி, மானத்தை வாங்குவதுதான் அவர் பாடம் நடத்தும் முறை.

"இது என்னம்மா, நூலகமா? குடிச்சிருக்கா? பின்னாடி சாயுதே!"

"அண்ணாந்து எடுத்தேன் சார்."

"அண்ணாந்து எடுத்தா சுவரெல்லாம் மேலே போய் ஒண்ணுசேரும். கேமராவை மட்டமா வையுங்க. பத்தலைன்னா பின்னாடி போங்க. கால் இருக்குல்ல?"

கால் இருந்தது. பின்னால் போனாள். ஸ்டாண்டில் மட்டம் காட்டும் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை திருகினாள். ஒரு வாரம் பள்ளிக்கூடம் நிமிர்ந்தது, அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டி நிமிர்ந்தது. கேலி குறையவில்லை, ஆனால் கை தேறிவிட்டது.

ஏரிக்குக் கூட்டிப்போன அன்றுதான் அந்த வித்தையைப் பார்த்தாள். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, நாலு நிமிடம் மூடாமல் விட்டார்கள். அலையெல்லாம் பால் உறைந்ததுபோல் ஆகிவிட்டது. நடுவில் ஒரு படகு போனதை அவள் தன் கண்ணால் பார்த்தாள். படத்தில் அது இல்லை.

"படகு எங்கே சார்?"

"அது நிக்கலையே. நின்னாதான் விழும். நகர்ந்துக்கிட்டே இருந்தா இல்லைன்னு அர்த்தம்."

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. ஓரிடத்தில் தங்காத பொருள் அந்த இடத்தில் போதுமான வெளிச்சத்தை விட்டுப்போவதில்லை, அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு யார்மேலும் பகை இல்லை. பகை உள்ளவர்கள் பிறகு வந்தார்கள்.

கடைசிப் பயிற்சி மணிக்கூண்டு மைதானத்தில். அவளுடைய அக்கா அங்கேதான் தையல் மெஷின் போட்டு, அறுந்த பைக்கும் பல் உடைந்த ஜிப்புக்கும் உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தங்கையை வளர்த்ததும் அந்த மெஷின்தான். பக்கத்திலேயே சாவி செய்பவரும் குடை பழுதுபார்ப்பவரும் கடை போட்டிருந்தார்கள். மைதானத்தை எடுத்துக் கடைவளாகம் கட்டப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு உலவியது. பேச்சுதானே என்று யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த இடம் போனால் அக்காவுக்கு வேறு இடம் கிடையாது.

"எனக்குச் சுத்தமான படம் வேணும்" என்றார் பயிற்சியாளர். "அந்தத் தார்ப்பாய், மெஷின், பெட்டி எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க. உங்க ஆளுங்கதானே?"

அந்தக் கடைசி இரண்டு சொற்கள் சுருக்கென்று தைத்தன. ஆனாலும் போய்க் கேட்டாள்.

"அரை மணி நேரம்தானேடி?" என்று அக்கா எழுந்துவிட்டாள். "ஏ சாவிக்காரரே, கடையைத் தள்ளுங்க! குடைக்காரரே, நீங்களும்தான்! பாப்பாவுக்குப் பரீட்சை!"

"பாப்பாவா? நரைச்சுப்போச்சே!" என்றார் சாவிக்காரர். ஆனாலும் பெட்டியைத் தூக்கினார். எல்லாம் மணிக்கூண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்தன. பொழைப்பு நிற்குமா? அக்கா மைதானத்தின் குறுக்கே நடையாய் நடந்து, தைக்கவேண்டிய பைகளை வாங்கிவந்தாள்.

"ஏண்டி, நான் படத்துல விழுவேனா?"

"நடந்துக்கிட்டே இருந்தா விழமாட்டேக்கா."

"அப்ப நல்லது. அழுக்குத் துணியோட இருக்கேன்."

படத்தில் நூல் பிடித்ததுபோல் மணிக்கூண்டு நின்றது. தரை பளிங்குபோல் வெறிச்சோடிக் கிடந்தது. மணிக்கூண்டின் நிழலில் தூங்கிய தெருநாய் மட்டும் மயிர் மயிராகத் தெரிந்தது. பயிற்சியாளர் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு பார்த்தார். அவரே அதை ஒரு போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு அவளுக்குத்தான். போட்டிப் படங்கள் நடத்துபவர்களுக்குச் சொந்தம் என்பது விதி. நடத்தியது ஒரு கட்டுமான நிறுவனம்.

அடுத்த ஆண்டு, மைதானத்தைக் கடைவளாகத்துக்குக் கொடுக்கலாமா என்று நகராட்சி அலுவலகத்தில் விசாரணை. அதிகாரியின் மேசையில் தங்கை எடுத்த படம். அதன் கீழே ஒரு வரி: 'பெரும்பாலும் பயன்பாட்டில் இல்லாத திறந்தவெளி.'

"நாங்க அங்கதான் சார் இருந்தோம்" என்றாள் அக்கா.

"நாய் தெரியுது. நீங்க தெரியலையே?"

"அது நாங்க வளர்க்கிற நாய் சார்."

அறையே சிரித்தது.

தங்கை எழுந்தாள். கறுப்புக் கண்ணாடி, நாலு நிமிடம், நகர்ந்தால் விழாது, சாமான்களை நான்தான் எடுக்கச் சொன்னேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"அப்ப நீங்க எடுத்தது பொய்ப் படமா? பொய்ப் படத்துக்கா பரிசு வாங்கினீங்க?" அதிகாரி, சாட்சிக்கு வந்திருந்த பயிற்சியாளர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

"கம்ப்யூட்டர்ல எதையும் அழிக்கலை சார். அசல் படம்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய் சொன்னால் பிடிபடலாம். பாதி உண்மையை எந்தச் சட்டம் பிடிக்கும்? உழைப்பவன் அசைந்துகொண்டுதான் இருப்பான். அசைந்ததற்காகவே அவன் இல்லை என்று தீர்ப்பானது. தூங்கிய நாய்க்குக் கிடைத்த சாட்சியம் ஓடியாடிய மனுஷிக்குக் கிடைக்கவில்லை.

மைதானத்துக் கடைகளை இடித்தார்கள். தலையெழுத்து என்றார் குடைக்காரர். தலையில் யாரும் எழுதவில்லை. எழுதியது மேசையில், பேனாவால், சம்பளம் வாங்கும் ஒரு கை.

அக்கா தங்கையோடு பேச்சை நிறுத்தினாள். புது வளாகத்தில் அவளுக்குக் கிடைத்தது பெருக்கும் வேலை. தையல் தெரிந்த கைக்கு ஒரு துடைப்பம், முதுகில் நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை.

வளாகம் திறக்கும் சமயம் நிறுவனம் ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்பியது. அதே இடம், அதே கோணம், அதே ஆள். "முன்னாடி எப்படி, இப்ப எப்படின்னு காட்டணும்." மாட்டேன் என்றாள். "அப்ப நாளையிலேருந்து வராதே" என்றார் ஸ்டூடியோ முதலாளி. படமெடுக்கப் போனாள்.

குமிழி நடுவுக்கு வந்ததும் நிமிர்ந்தாள். எதிரே துடைப்பத்தோடு அக்கா.

"எவ்வளவு நேரம் திறந்து வைப்பே?" இத்தனை மாதத்தில் அக்காவின் முதல் பேச்சு.

"நாலு நிமிஷம்."

அக்கா போய், மெஷின் இருந்த இடத்தில் நின்றாள். கல்லாய் நின்றாள். மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கத்தினார். அவள் திரும்பவில்லை. தங்கை கேமராவை மூடியிருக்கலாம். மூடவில்லை.

"தாடையைத் தூக்குக்கா" என்றாள்.

படத்தில் அக்கா விழுந்தாள், துடைப்பத்தின் ஒவ்வொரு குச்சியும் தெரிய. அக்காவை அழித்துத் தரச் சொன்னார்கள், மறுத்தாள். நிறுவனத்துப் பையன் ஒருவன் தேநீர் ஆறுவதற்குள் அழித்தான். அழிப்பதற்கு முன்னால் மேற்பார்வையாளர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நாலு நிமிஷம் இம்மிகூட அசையலை. வேலை நேரத்துல சும்மா நின்னதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

அன்றே சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தாள். தங்கை எழுந்து நின்றாள். அக்கா அவளைத் தாண்டிப்போய் வெள்ளைத் திரைக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வேற இடத்துல வேலை கேக்கணும். போட்டோ கேக்கிறாங்க."

தங்கை கேமராவை எடுத்தாள். தாடையைத் தூக்கச் சொல்லாமல் லென்ஸைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"சொல்லுடி" என்றாள் அக்கா. "அசையணுமா, அசையாம இருக்கணுமா? எதைச் செஞ்சா எதுவும் போகாதோ, அதைச் சொல்லு. செய்யிறேன்."